வீட்டில் வந்து பார்த்துக்கொள்பவர்கள் சட்டமன்றத்துக்கு ஏன் போகிறார்கள்?

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலச் சட்டமன்றம் ஒலிம்பியா நகரில் கூடும் நாட்களில், ஊதா நிற டீ-ஷர்ட் போட்டவர்கள் கூட்டமாக வந்து நிற்கும் படங்கள் செய்தியில் வரும். பெரும்பாலும் பெண்கள். வயதானவர்களையும் மாற்றுத்திறனாளிகளையும் அவரவர் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளும் வேலை செய்கிறவர்கள். நீண்டகாலப் பராமரிப்புக்கான நிதியைக் குறைக்கக் கூடாது என்பதுதான் கோரிக்கை. படிக்கிறவருக்கு உடனே ஒரு சந்தேகம் வரும்: ஒரு வீட்டில் வேலை செய்கிறவர் கூலி பற்றிப் பேச வேண்டியது அந்த வீட்டுக்காரரிடம்தானே, எதற்காகச் சட்டமன்ற உறுப்பினரைத் தேடிப் போகிறார்? பணத்தைக் குறைக்கப்போவது மத்திய அரசா, மாநிலமா? ஒருமுறை சட்டம் போட்டால் முடிந்துவிடாதா, ஏன் திரும்பத் திரும்பப் போக வேண்டியிருக்கிறது?

இந்த மூன்றுக்கும் பதில் ஒரே இடத்தில் இருக்கிறது. அங்கே போவதற்கு முன்னால் சில சொற்களைத் தெளிவாக்கிக்கொள்வோம். (இங்கே பேசுவது சியாட்டில் இருக்கும் மேற்குக் கரை மாநிலத்தைப் பற்றி. தலைநகர் வாஷிங்டன் வேறு.)

முதலில் சில சொற்கள்

1. நீண்டகாலப் பராமரிப்பு: குளிப்பது, உடுத்துவது, சாப்பிடுவது, கழிப்பறை போவது, படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுவது போன்ற அன்றாட வேலைகளைத் தனியாகச் செய்ய முடியாதவருக்கு மாதக்கணக்கில், வருடக்கணக்கில் தேவைப்படும் உதவி. ஆபரேஷன், மருந்து, டாக்டர் கட்டணம் இதில் வராது.

2. நர்சிங் ஹோம்: நம் ஊரில் சின்னத் தனியார் ஆஸ்பத்திரியை இப்படிச் சொல்வோம். அங்கே அது, நடமாட முடியாதவர்கள் நிரந்தரமாகத் தங்கிப் பராமரிப்புப் பெறும் இடம். சொந்தப் பணத்தில் இருப்பதென்றால் ஆண்டுக்கு ஒரு லட்சம் டாலருக்கு மேல் ஆகும்.

3. மெடிக்கேர்: 65 வயது நிரம்பியவர்களுக்கான மத்திய அரசின் மருத்துவக் காப்பீடு. அம்மாவுக்கு முடியாமல் போனால் மெடிக்கேர் பார்த்துக்கொள்ளும் என்று அமெரிக்காவில் பிறந்து வளர்ந்தவர்களே நம்பிக்கொண்டிருக்கிறார்கள். பார்த்துக்கொள்ளாது. ஆஸ்பத்திரியில் மூன்று நாள் இருந்து வந்தவருக்கு, தேர்ந்த நர்சிங் தேவைப்பட்டால் அதிகபட்சம் 100 நாள் வரை உதவும், அவ்வளவுதான்.

4. மெடிக்கெய்ட்: வருமானமும் சொத்தும் குறைந்தவர்களுக்கானது. மத்திய அரசும் மாநிலமும் செலவைப் பங்கிட்டுக்கொள்கின்றன. அமெரிக்காவில் நீண்டகாலப் பராமரிப்புக்கு ஆகும் செலவில் மிகப் பெரிய பங்கைத் தருவது இதுதான்.

நான்காவதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். வாஷிங்டனில் தனியாக வாழும் ஒருவர் நீண்டகாலப் பராமரிப்புக்கு மெடிக்கெய்ட் பெற வேண்டுமானால், குடியிருக்கும் வீடு போன்ற சில விலக்குகள் போக, கையிருப்பு 2,000 டாலருக்கு மேல் இருக்கக் கூடாது. அதாவது வாழ்நாளெல்லாம் சேர்த்ததைச் செலவழித்துக் கரைத்த பிறகுதான் கதவு திறக்கும். அவர் இறந்த பிறகு, செலவழித்த பணத்தை அவர் விட்டுப்போன சொத்திலிருந்து மாநிலம் திரும்பக் கேட்க வேண்டும் என்று 1993ல் மத்திய அரசு சட்டமும் போட்டது. ஆகவே இது ஏழைகளுக்கு மட்டுமான விஷயமென்று ஒதுக்கிவிட முடியாது. நடுத்தரக் குடும்பத்து ஓய்வூதியக்காரரும் பக்கவாதம் வந்து சில வருடம் கிடந்தால் இந்தக் கதவுக்கு முன்னால்தான் வந்து நிற்பார்.

கட்டாயம், விருப்பம்: சிக்கல் தொடங்கும் இடம்

1965ல் மெடிக்கெய்ட் வந்தபோது பராமரிப்பு என்றால் நிறுவனத்தில் வைத்துப் பார்ப்பது என்றே எல்லோரும் நினைத்தார்கள். இன்றுவரை மத்திய சட்டத்தில் நர்சிங் ஹோம் சேவை கட்டாயச் சேவை. தகுதி உள்ளவர் கேட்டால் மாநிலம் கொடுத்தே ஆக வேண்டும். வீட்டில் வந்து குளிப்பாட்டி, சாப்பாடு கொடுத்து, படுக்க வைக்கும் சேவையில் பெரும்பகுதி விருப்பச் சேவை. மாநிலம் விரும்பினால் தரலாம், எத்தனை மணி நேரம் என்பதையும் தானே தீர்மானிக்கலாம்.

இந்தக் கோணல் முதன்முதலில் பெரிதாக வெளிச்சத்துக்கு வந்தது 1981ல். அயோவா மாநிலத்தைச் சேர்ந்த கேட்டி பெக்கெட் என்ற சிறுமியை வீட்டுக்கு அனுப்பலாம் என்று டாக்டர்கள் சொல்லியும், ஆஸ்பத்திரியில் இருந்தால்தான் மெடிக்கெய்ட் பணம் தரும் என்பதால் அவள் அங்கேயே கிடந்தாள். வீட்டில் வைத்துப் பார்ப்பதற்குச் செலவு குறைவு. ஜனாதிபதி ரீகன் இதைப் பகிரங்கமாகவே பேசினார். மாநிலங்கள் விதிவிலக்குக் கேட்டு வாங்கி வீட்டுப் பராமரிப்புக்கும் மெடிக்கெய்ட் பணத்தைச் செலவழிக்கலாம் என்ற ஏற்பாடு அந்த ஆண்டே சட்டமானது. பிறகு 1999ல், ஜார்ஜியா மாநிலத்திலிருந்து போன ஓம்ஸ்டெட் வழக்கில், வெளியே வாழக்கூடிய மாற்றுத்திறனாளியைத் தேவையில்லாமல் நிறுவனத்தில் அடைத்து வைப்பது பாகுபாடு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது.

இத்தனைக்கும் பிறகும் கட்டாயம், விருப்பம் என்ற கோடு அழியவில்லை. விதிவிலக்குத் திட்டங்களில் எத்தனை பேரைச் சேர்ப்பது என்பதற்கு மாநிலங்கள் உச்சவரம்பு வைக்கலாம். நாடு முழுக்கப் பல லட்சம் பேர் காத்திருப்புப் பட்டியலில் இருப்பதற்கு இதுவே காரணம். பட்ஜெட்டில் துண்டு விழும்போது மாநில நிதிக் குழு எதைக் குறைக்கலாம் என்று பட்டியலைப் புரட்டினால், கட்டாயம் என்று எழுதியதில் கைவைக்க முடியாது. கை போகும் இடம் விருப்பம் என்று எழுதியது. இரண்டில் குறைந்த செலவில் நடப்பதும், மக்கள் கேட்பதும் அதுதான் என்றாலும்.

18 நிமிடம்

இது வெறும் கணக்கு வாதம் இல்லை என்பதைப் பார்க்க வாஷிங்டனிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது.

அங்கே ஒருவருக்கு மாதம் எத்தனை மணி நேரம் உதவி என்பதை மதிப்பீட்டாளர் ஒருவர் வீட்டுக்கு வந்து கணக்கிடுவார். கடந்த 7 நாட்களில் குளிக்க எத்தனை முறை உதவி தேவைப்பட்டது, எழுந்து உட்கார ஒருவர் போதுமா, ஞாபகம் எப்படி இருக்கிறது என்று கேட்டுக் கேட்டுப் பதிவு செய்வார். கடைசியில் ஓர் எண் வரும். 2008 நிதி நெருக்கடிக்குப் பிறகு மாநில வருவாய் சரிந்தது. எல்லாத் துறையும் செலவைக் குறைக்க வேண்டும் என்று ஆளுநர் உத்தரவிட, 2011 ஜனவரி முதல் இந்த மணி நேரத்தைச் சராசரியாக 10 சதவீதம் வெட்டினார்கள். ஏறத்தாழ 45,000 பேர் இந்தத் திட்டத்தில் இருந்தார்கள். யாருடைய உடல்நிலையும் தேறிவிடவில்லை, எண் மட்டும் குறைந்தது.

10 சதவீதம் என்று கேட்டால் சின்னதாகத்தான் தெரியும். மாதம் 90 மணி நேரம் பெறும் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள், நாளுக்கு 3 மணி நேரம். அதில் 10 சதவீதம் 18 நிமிடம். ஒரு பக்கம் செயலிழந்தவரைக் குளிக்க வைக்க ஆகும் நேரம் கிட்டத்தட்ட அதுதான். இடுப்பில் பட்டை கட்டிப் பிடித்து எழுப்பி, குளியல் நாற்காலியில் உட்கார வைத்து, தண்ணீர்ச் சூட்டைத் தன் மணிக்கட்டில் ஊற்றிப் பார்த்து, குளிப்பாட்டி, தோல் மடிப்புகளில் ஈரம் தங்காமல் துடைக்க வேண்டும். அப்படியே குதிகாலிலும் முதுகின் அடிப்பகுதியிலும் சிவந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சிவப்பாக இருக்கும்போதே கண்டுபிடித்தால் புரட்டிப் படுக்க வைத்துச் சரிசெய்யலாம், நாலு நாள் விட்டால் படுக்கைப் புண். தினமும் குளிப்பாட்டியவர் வாரம் மூன்று நாள் என்று குறைத்தால் அந்தப் பார்வையும் மூன்று நாளாகக் குறையும். பட்ஜெட் தாளில் இதற்கெல்லாம் தனி வரி கிடையாது.

பாதிக்கப்பட்டவர்களும் பராமரிப்பாளர்களின் தொழிற்சங்கமும் வழக்குப் போட்டார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் மேற்கு மாநிலங்களுக்கான மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றம், இந்த வெட்டு வழக்குத் தொடுத்தவர்களை நிறுவனத்துக்குத் தள்ளிவிடும் ஆபத்து இருக்கிறது என்று சொல்லி இடைக்காலத் தடைக்கு வழி செய்தது. ஆனால் அதற்குள் ஏறக்குறைய ஒரு வருடம் ஓடிப்போயிருந்தது. வழக்கு ஜெயித்தாலும் போன மணி நேரம் திரும்பி வராது. வெட்டு வந்தபின் நீதிமன்றம் போவதைவிட, வெட்டு எழுதப்படும் அறைக்கு முன்கூட்டியே போக வேண்டும் என்று பராமரிப்பாளர்கள் அடித்துச் சொல்வதன் பின்னணி இது.

இவர்களுக்கு முதலாளி யார்?

அடுத்த கேள்வி, கூலியை ஏன் சட்டமன்றத்தில் பேச வேண்டும் என்பது.

தனித்தனி வீடுகளில் வேலை செய்யும் பராமரிப்பாளரை வேலைக்குத் தேர்ந்தெடுப்பது அந்த முதியவர் அல்லது மாற்றுத்திறனாளி. பல சமயம் சொந்த மகளோ மருமகளோதான் அந்தப் பராமரிப்பாளர். வேலை என்ன என்று சொல்வதும் அவரே. ஆனால் கூலி தருவது மெடிக்கெய்ட். அப்படியானால் யாரிடம் பேரம் பேசுவது? முதியவரிடம் பணம் இல்லை. நான் வேலைக்கு வைக்கவில்லை என்று மாநிலம் சொல்லும். பல ஆண்டுகள் இவர்களுக்குச் சட்டப்படி முதலாளியே இல்லாமல் இருந்தது.

சட்டமும் இவர்களைத் தொழிலாளர்களாகப் பார்க்கவில்லை. 1938ன் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வீட்டு வேலையை வெளியே வைத்தது. 1974ல் வீட்டு வேலையைச் சேர்த்தபோதும், முதியவர்களுக்குத் துணையாக இருப்பவர்கள் என்று சொல்லி இவர்களைத் தனியே ஒதுக்கியது. ஜமைக்காவிலிருந்து வந்து நியூயார்க்கில் இருபது வருடம் இந்த வேலை செய்த எவலின் கோக், கூடுதல் நேரக் கூலி கேட்டு உச்ச நீதிமன்றம் வரை போனார். 2007ல் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக அவருக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னார்கள். மத்திய தொழிலாளர் துறை விதியை மாற்றியது 2013ல், நடைமுறைக்கு வந்தது 2015ல். அதைப் பார்க்க அவர் இல்லை, 2009லேயே இறந்துவிட்டார். 2025 ஜூலையில் அதே துறை அந்த விதியைத் திரும்பப் பெறுவதாக முன்மொழிந்தது.

முதலாளி இல்லாத சிக்கலுக்குக் கலிஃபோர்னியா கண்ட வழி, மாவட்ட அளவில் ஒரு பொது அமைப்பை முதலாளி இடத்தில் நிறுத்துவது. அப்படித்தான் 1999ல் லாஸ் ஏஞ்சலஸில் 74,000 பராமரிப்பாளர்கள் ஒரே வாக்கெடுப்பில் சங்கத்தில் சேர்ந்தார்கள். வாஷிங்டனில் 2001 நவம்பரில் பொது வாக்கெடுப்புக்கு வந்த 775ஆம் எண் முன்மொழிவு அதே வழியைத் திறந்தது. இன்று 45,000 பேருக்கு மேல் உறுப்பினர்களாக உள்ள, இந்தப் பராமரிப்பாளர்களின் சங்கமான எஸ்.இ.ஐ.யூ. 775ன் பெயரில் இருக்கும் எண் அந்த முன்மொழிவின் எண்தான்.

சரி, சங்கம் வந்தாயிற்று, பேச ஆள் கிடைத்தாயிற்று, அப்புறம் என்ன? முதலாளி இடத்தில் நின்ற பொது அமைப்போடு போட்ட முதல் ஒப்பந்தத்துக்கு நிதி ஒதுக்க 2003ல் சட்டமன்றம் மறுத்தது. பேரம் பேசியவர் கையெழுத்துப் போட்டாலும் கஜானாச் சாவி வேறொருவரிடம் இருக்கிறது என்பது அன்றைக்குத் தெரிந்துபோனது. இதே பாடம் இன்னொரு முறையும் வந்தது. பராமரிப்பாளர்களுக்குப் பயிற்சியும் குற்றப் பின்னணிச் சோதனையும் கட்டாயம் என்று மக்களே 2008ல் வாக்களித்தார்கள். பணம் இல்லை என்று சட்டமன்றம் தள்ளிப்போட்டது. 2011ல் மறுபடி வாக்கெடுப்பு வைத்து மறுபடி ஜெயிக்க வேண்டியிருந்தது.

இப்போது ஏற்பாடு கொஞ்சம் மாறியிருக்கிறது. மாநில அரசுக்குப் பதில் ஒப்பந்த நிறுவனம் ஒன்று முதலாளி. கூலி விகிதத்தை ஒரு வாரியம் தீர்மானித்து அனுப்பும். ஆனாலும் கடைசியில் அது சட்டமன்றத்துக்குத்தான் போகும். அங்கே திருத்தம் செய்ய முடியாது, முழுதாக ஏற்கலாம் அல்லது முழுதாக நிராகரிக்கலாம்.

இதிலிருந்து ஒன்றைப் புரிந்துகொள்ளலாம். முதியவருக்கான மணி நேரமும் பராமரிப்பாளரின் கூலியும் ஒரே பணத்திலிருந்து வருகின்றன. மணி நேரத்தைக் குறைத்தால் பராமரிப்பாளரின் மாத வருமானம் குறையும். கூலியை ஏற்றாமல் வைத்தால் ஆள் வேலையை விட்டுவிட்டு மளிகைக் கடைக்கோ கிடங்குக்கோ போய்விடுவார், அப்போது முதியவருக்கு ஒதுக்கிய மணி நேரம் தாளில் மட்டும் இருக்கும். சங்கம் சுயநலத்துக்காகப் பேசுகிறதா, முதியவர்களுக்காகப் பேசுகிறதா என்று பிரித்துக் கேட்பவர்கள் இந்த முடிச்சைப் பார்ப்பதில்லை.

ஒரு டாலர் மிச்சம் பிடிக்க இரண்டு டாலர் வெட்டு

வாஷிங்டனில் பொதுவான மெடிக்கெய்ட் செலவில் மத்திய அரசு 50 சதவீதம் தருகிறது. அதாவது மாநிலம் ஒரு டாலர் போட்டால் இன்னொரு டாலர் வரும். திருப்பிப் பார்த்தால், மாநிலம் தன் செலவில் ஒரு டாலர் மிச்சம் பிடிக்க வேண்டுமானால் இரண்டு டாலர் சேவையை வெட்ட வேண்டும். வீட்டுப் பராமரிப்பில் பெரும்பகுதிக்கு மத்தியப் பங்கு இன்னும் 6 சதவீதப் புள்ளி கூடுதல், 56. அங்கே ஒரு டாலர் மிச்சத்துக்கு 2.27 டாலர் சேவை போகும். வெட்ட வேண்டாம் என்று சொல்ல இதைவிட நல்ல காரணம் வேறு இல்லை என்பது என் எண்ணம். ஆனால் சட்டமன்றம் சமன் செய்ய வேண்டியது மாநிலக் கணக்கைத்தான், மத்திய அரசிலிருந்து வராமல் போகும் பணம் அந்தக் கணக்கில் இழப்பாகத் தெரிவதில்லை.

இப்போது ஏன் பதற்றம் கூடியிருக்கிறது என்றால், 2025 ஜூலை 4ல் கையெழுத்தான மத்திய சட்டம். பத்து ஆண்டுகளில் மெடிக்கெய்டுக்கான மத்திய அரசுச் செலவை அது 90,000 கோடி டாலருக்கு மேல் குறைக்கும் என்று நாடாளுமன்ற பட்ஜெட் அலுவலகம் மதிப்பிட்டது. இதில் பலரும் குழம்புகிறார்கள்: அந்தச் சட்டத்தில் வீட்டுப் பராமரிப்பை வெட்டு என்று எங்கேயும் இல்லை. அது வரும் வழி சுற்று வழி.

1. மருத்துவமனை போன்றவற்றின் மீது வரி போட்டு, அதைத் தங்கள் பங்காகக் காட்டி மத்தியப் பணம் பெறுவது மாநிலங்களின் பழைய வழக்கம். வாஷிங்டன் போல மெடிக்கெய்டை விரிவாக்கிய (வருமானம் குறைந்த, வேலை செய்யும் வயதினரையும் பரவலாகச் சேர்த்துக்கொண்ட) மாநிலங்களில் அந்த வரியின் உச்சவரம்பு 2028லிருந்து படிப்படியாக 6லிருந்து 3.5 சதவீதத்துக்கு இறங்கும். நர்சிங் ஹோம்கள் மீதான வரிக்கு விலக்கு உண்டு. பழைய கோணல் இங்கேயும் தொடர்வதைக் கவனியுங்கள்.

2. விரிவாக்கத்தில் சேர்ந்த பெரியவர்கள் மாதம் 80 மணி நேரம் வேலை போன்றவற்றில் ஈடுபட்டதாகக் காட்ட வேண்டும் என்ற நிபந்தனை 2027 தொடக்கத்துக்குள் வரும். பெரும்பாலோர் வேலை செய்கிறவர்கள்தான், ஆனால் அதற்கான தாள் காட்டுவதில் தவறினால் காப்பீடு போய்விடும். நாடு முழுக்கப் பராமரிப்பாளர்களிலேயே பலர் மெடிக்கெய்டில் இருக்கிறவர்கள்.

3. இவற்றால் மாநிலத்துக்கு விழும் பள்ளத்தை எங்கிருந்தாவது நிரப்ப வேண்டும். வாஷிங்டன் சட்டப்படி இரண்டாண்டு பட்ஜெட்டும், நான்காண்டு முன்மதிப்பீடும் சமநிலையில் இருந்தாக வேண்டும். கடன் வாங்கி ஓட்ட முடியாது. அப்போது நிதிக் குழு புரட்டும் பட்டியலில் விருப்பம் என்ற பக்கம் மறுபடி திறக்கும்.

வா கேர்ஸ் வேறு, மெடிக்கெய்ட் வேறு

சியாட்டில், பெல்வியூ, ரெட்மண்ட் பக்கம் வேலை செய்யும் தமிழர்கள் பே ஸ்லிப்பில் வா கேர்ஸ் என்று ஒரு பிடித்தம் பார்த்திருப்பார்கள். சம்பளத்தில் 0.58 சதவீதம், 50,000 டாலருக்கு 290 டாலர். 2019ல் சட்டமாகி, 2023 ஜூலையில் பிடித்தம் தொடங்கியது. இது மெடிக்கெய்ட் இல்லை. வேலை செய்து பணம் கட்டியவருக்கு, சொத்தைக் கரைக்காமலே கிடைக்க வேண்டிய பராமரிப்புக் காப்பீடு. வாழ்நாளுக்கு 36,500 டாலர் வரை, விலைவாசிக்கு ஏற்ப உயரும். 2026 ஜூலை முதல் பலன் என்று சட்டம் நாள் குறித்திருக்கிறது. பராமரிப்புக்கு மணிக்கு 40 டாலர் என்று வைத்துக்கொண்டால், நாளுக்கு 3 மணி நேரம் வீதம் பத்து மாதம் வரும். போதுமா என்றால் போதாது. ஆனால் பக்கவாதம் வந்த முதல் பத்து மாதத்தில் மகள் வேலையை விடாமல் இருக்க அது போதும்.

எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்களுக்கு விலக்கு உண்டு. கிரீன் கார்டு வந்தால் அந்த விலக்கு முடியும். ஊரிலிருந்து அப்பா அம்மாவைக் கிரீன் கார்டில் அழைத்துப்போகிறவர்களும் ஒன்றைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது: பொதுவாக ஐந்து ஆண்டு ஆன பிறகே அவர்களுக்கு மத்திய மெடிக்கெய்ட் தகுதி வரும்.

வா கேர்ஸ் திட்டத்தில் விரும்பினால் மட்டும் சேரலாம் என்று மாற்றச் சொல்லும் 2124ஆம் எண் முன்மொழிவு 2024 நவம்பரில் வாக்கெடுப்புக்கு வந்தது. முதலீட்டாளர் பிரையன் ஹேவுட் அதற்குப் பணம் போட்டார். எதிர்த்து நின்றதில் பெரிய பங்கு எஸ்.இ.ஐ.யூ. 775 உடையது. சுமார் 55 சதவீதம் பேர் முன்மொழிவை நிராகரித்தார்கள். ஆரோக்கியமான இளைஞர்கள் எல்லோரும் வெளியேறினால் மிஞ்சியவர்களின் பணத்தில் திட்டம் நிற்காது என்ற வாதம் எடுபட்டது. ஏற்கெனவே நாலரை லட்சம் பேருக்கு மேல் தனியார் காப்பீடு வாங்கி வெளியேறியிருந்தார்கள், அந்த அனுபவமும் கண் முன்னால் இருந்தது.

எதிர்த்தரப்பின் கேள்விகள்

மெடிக்கெய்ட் பணம் கூலியாகி, கூலி சந்தாவாகி, சந்தா அரசியலுக்குப் போகிறது என்பது முதல் குற்றச்சாட்டு. இது நடக்கும் விஷயம்தான், மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் 2014ல் ஹாரிஸ் எதிர் க்வின் வழக்கில் உச்ச நீதிமன்றம், இப்படிப்பட்ட வீட்டுப் பராமரிப்பாளர்களிடம் கட்டாயமாகச் சங்கக் கட்டணம் பிடிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டது. தருகிறவர்கள் விரும்பித் தருகிறார்கள்.

இரண்டாவது கேள்விக்கு எடை அதிகம். முதியோர் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகிறது, கூலியும் ஏறினால் மாநிலம் எங்கே போகும்? வாஷிங்டன் வரலாற்றில் தனிநபர் வருமான வரி இல்லாமல் விற்பனை வரியை நம்பி ஓடிய மாநிலம், மந்தம் வந்தால் வருவாய் சட்டென விழும். பராமரிப்பு தேவைப்படுகிறவர்கள் மந்தத்தில் குறைய மாட்டார்கள். அதனால்தான் சங்கம் செலவைப் பற்றி மட்டும் பேசாமல் வரியைப் பற்றியும் பேசுகிறது. 2021ல் வந்த மூலதன ஆதாய வரியை ஆதரித்ததும் அதனால்தான். வருவாய்ப் பக்கம் கை வைக்காமல் இந்தச் சண்டையை ஒவ்வொரு பட்ஜெட்டிலும் ஜெயிக்க முடியாது என்பதே என் கருத்தும்.

செய்தியில் எதைப் பார்க்க வேண்டும்

வாஷிங்டனில் 49 தொகுதி, ஒவ்வொன்றுக்கும் ஒரு செனட்டர், இரண்டு பிரதிநிதிகள். ஒற்றைப்படை ஆண்டில் 105 நாள் கூட்டம், இரண்டாண்டு பட்ஜெட் அப்போது எழுதப்படும். இரட்டைப்படை ஆண்டில் 60 நாள்தான், எழுதியதைத் திருத்துவார்கள். வரைவு பட்ஜெட் வெளியானதும் நிதிக் குழுக்களில் பொதுமக்கள் பேசலாம், ஒருவருக்கு ஒன்றிரண்டு நிமிடம் கிடைக்கும்.

அங்கே பேச வருகிறவருக்கு இருக்கும் சங்கடம் வெளியில் தெரிவதில்லை. அவர் ஒலிம்பியா வந்துபோகும் அந்த நாளில் முதியவரைப் பார்க்க மாற்று ஆள் வேண்டும். கிடைக்காவிட்டால் காலையில் எழுப்பி உட்கார வைத்துவிட்டுக் கிளம்பி, ராத்திரி படுக்க வைக்கும் நேரத்துக்குள் திரும்ப வேண்டும்.

பட்ஜெட் செய்தி வரும்போது "பராமரிப்பு நிதி உயர்வு" என்ற தலைப்பை மட்டும் பார்த்து நிம்மதி அடைய வேண்டாம். முதியோர் எண்ணிக்கையும் விலைவாசியும் ஏறுவதால் மொத்தத் தொகை எப்படியும் ஏறும். பார்க்க வேண்டியது மூன்று: கூலி வாரியம் அனுப்பிய விகிதம் முழுதாக ஏற்கப்பட்டதா, தகுதி மதிப்பீட்டு விதியில் ஏதாவது மாற்றம் உண்டா, ஒரு நபருக்கான மாத மணி நேரம் எத்தனை. 2011ல் குறைந்தது மூன்றாவது எண்.